டேப் ஒன்று, ஸ்பேஸ் எட்டு

மொத்தம் மூன்றே வரிகள். இந்தக் கோப்பை எந்த நிரல் படிக்க வேண்டும் என்று முதல் வரி சொல்கிறது. இரண்டாவது வரியில் ஒரு சதவீதக் குறியும் ஒரு முக்காற்புள்ளியும் மட்டும். மூன்றாவது வரி கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்குகிறது: ‘டிஎச்’ என்று ஒரு கட்டளை, பக்கத்தில் ஒரு டாலர் குறி, ஒரு அட் குறி. டெபியன் லினக்ஸுக்கு மென்பொருளைப் பொதியாகக் கட்டுகிறவர்கள் பலருக்கு இது மனப்பாடம். ‘ரூல்ஸ்’ என்று பெயரிட்ட ஒரு கோப்பில் இந்த மூன்று வரியை வைத்தாலே போதும், பெரும்பாலான மென்பொருள்கள் தாமாகவே கட்டப்பட்டுவிடும்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் நான் எழுதி வைத்திருந்த கையேட்டிலிருந்து அந்த மூன்று வரியை எடுத்து ஒட்டி ஓட்டிப் பார்த்தார். வேலை தொடங்கும் முன்பே நின்றுவிட்டது. மூன்றாம் வரியில் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்றது திரை. கூடவே அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்வி: எட்டு ஸ்பேஸுக்குப் பதிலாக டேப் போட நினைத்தீர்களா?

“அண்ணா, நீங்க எழுதினதை அப்படியேதான் போட்டேன். ஒரு எழுத்துகூட மாத்தல.”

அவர் சொன்னது உண்மை. நான் டேப் விசையைத் தட்டித்தான் எழுதியிருந்தேன். கையேட்டைப் படிக்க அழகான பக்கமாக மாற்றிக் கொடுக்கும் கருவி, வழியில் அந்த டேப்பை எட்டு ஸ்பேஸ்களாக மாற்றிவிட்டிருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெற்றிடம். ஆனால் ரூல்ஸ் கோப்பைப் படிக்கும் ‘மேக்’ நிரலுக்கு டேப் இருந்தால்தான் அது கட்டளை.

மேக் பழைய நிரல். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் எழுதியது. கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியை அவர் முதலில் ஒரு வசதிக்காகத்தான் வைத்தார். சில வாரங்களில் அது சரியில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்கள் எழுதி வைத்ததைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக விட்ட விதி, அரை நூற்றாண்டு கழித்து எங்கள் மேசையில் ஒரு மதியப் பொழுதை நிறுத்தியது.

எனக்கு வியப்பாக இருந்தது அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தக் கேள்விதான். இந்த ஒரு தவற்றில் எத்தனையோ பேர் விழுந்ததைப் பார்த்துச் சலித்த யாரோ ஒருவர், எச்சரிக்கையைக் கையேட்டின் எந்த மூலையிலோ எழுதிவைத்துவிட்டுப் போகாமல், தவறு நடக்கும் இடத்திலேயே நின்று கேட்கும்படி கருவிக்குள் எழுதியிருக்கிறார். பொதி கட்டும் கையேடுகளின் முப்பதாண்டுக் கதை ஏறக்குறைய இதுதான். மனிதர் மனிதருக்குச் சொல்லிக்கொண்டிருந்த அறிவுரைகள் ஒவ்வொன்றாகக் கருவிக்குள் குடிபோகின்றன. குடிபோன பின்னும் பழைய பக்கத்தில் அதே வரி நின்றுகொண்டிருந்தால், அடுத்து வருகிறவர் அங்கே தடுக்கி விழுகிறார்.

பொதி என்றால் என்ன என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஒருவர் ஒரு மென்பொருளை எழுதி அதன் மூல நிரலை வெளியிடுகிறார். இன்னொருவருக்கு அது தன் கணினியில் ஓடினால் போதும். இருவருக்கும் நடுவில் ஒருவர் உட்கார்ந்து, மூல நிரலை இயங்கும் வடிவாக்கி, அதற்கு வேறு எவையெல்லாம் தேவை என்று குறித்து, எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்து, ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறார். மூட்டைக்குப் பெயர் பேக்கேஜ், நம் சொல்லில் பொதி. கட்டுகிறவர் அதன் பராமரிப்பாளர். இயன் மர்டாக் 1993 ஆகஸ்ட் 16 அன்று அறிவித்த டெபியன் திட்டத்தில் இதைச் செய்கிறவர்கள் தன்னார்வலர்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த ‘ட்ரிக்ஸி’ என்ற 13-ஆம் பதிப்பில் 69,830 பொதிகள் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள் கட்டிய மூட்டைகள் ஒரே கணினிக்குள் இறங்கியும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்கின்றன. அது எப்படி முடிகிறது என்று கேட்டால், எழுதி வைத்த உடன்படிக்கையால்தான் என்பேன். அமைப்புக் கோப்புகள் ‘இடிசி’ ஃபோல்டரில், விளக்கக் குறிப்புகள் வேறு ஓரிடத்தில், உரிம விவரம் இன்ன பெயரில் என்று ஒவ்வொன்றும் ‘டெபியன் பாலிசி’ ஆவணத்தில் இருக்கிறது. 1990-களின் நடுவில் இயன் ஜாக்சன், கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் ஆகியோர் கையில் உருவான ஆவணம் அது. இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது.

கையேட்டின் ஒரே ஒரு வரி எப்படியெல்லாம் மாறியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

பொதியைக் கட்டும்போது மென்பொருளை நம் கணினியில் நிறுவுவதில்லை. ஒரு வெற்று ஃபோல்டரைக் காட்டி, ‘இதுதான் உன் உலகம், இதற்குள் உன்னை நிறுவிக்கொள்’ என்று சொல்கிறோம். மென்பொருள் அதற்குள்ளேயே கிளை பிரித்து, செயலி ஓரிடம், படம் ஓரிடம், எழுத்துரு ஓரிடம் என்று பரப்பிக்கொள்கிறது. பிறகு அந்தக் குட்டி உலகத்தை அப்படியே சுருட்டிப் பொதிக்குள் வைக்கிறோம். சுருட்டும்போது ஒவ்வொரு கோப்பும் யாருக்குச் சொந்தம் என்பதும் பதிவாகிறது. சிக்கல் அங்கேதான்.

லினக்ஸ் ஆட்களைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. ‘ரூட்’ என்ற நிர்வாகிக்கு எண் சுழியம். டெபியனில் முதல் சாதாரணப் பயனருக்குக் கிடைக்கும் எண் 1000. நான் என் கணினியில் 1000-ஆம் ஆளாக இருந்து பொதியைக் கட்டினால், உள்ளே இருக்கும் எல்லாக் கோப்பும் 1000-க்குச் சொந்தம் என்று பதிவாகும். அந்தப் பொதி வேறோர் ஊரில் வேறொருவர் கணினியில் இறங்கும்போது, அங்கே 1000 என்பது யார்? அந்த வீட்டின் முதல் பயனர். நிர்வாகி மட்டுமே தொட வேண்டிய செயலியை, அந்தச் சாதாரணக் கணக்கில் நுழைந்த எவரும் மாற்றி எழுதிவிடலாம். அதனால் பொதிக்குள் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகவே இருக்க வேண்டும்.

தொடக்க காலக் கையேடு இதற்கு நேரான வழியைச் சொன்னது: ரூட்டாக மாறிக்கொண்டு பொதியைக் கட்டு. வேலை முடிந்தது. ஆனால் எங்கிருந்தோ வந்த மூல நிரலை முழு அதிகாரத்தோடு ஓட்டுவது, வீட்டுச் சாவிக்கொத்தை அறிமுகமில்லாதவர் கையில் கொடுப்பது. நிறுவும் வரியில் ஒரு பிழை இருந்தாலும் கணினியே பாழாகலாம்.

1990-களின் பிற்பகுதியில் ‘ஃபேக்ரூட்’ வந்தது. இதன் வேலை நம்ப முடியாத அளவுக்கு எளிமையானது. நிரலுக்கும் கணினிக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘இந்தக் கோப்பை ரூட்டுக்குச் சொந்தமாக்கு’ என்று நிரல் கேட்டால், ‘ஆகட்டும், ஆக்கிவிட்டேன்’ என்கிறது. உண்மையில் எதையும் மாற்றவில்லை. கேட்டதைத் தன் ஏட்டில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. பிறகு ‘இது யாருடையது?’ என்று நிரல் கேட்டால், ஏட்டைப் பார்த்து ‘ரூட்டுடையது’ என்று பதில் சொல்கிறது. சுருட்டும் கருவியும் அதை நம்பி அப்படியே பதிந்துவிடுகிறது. கணினியில் யாருக்கும் கூடுதல் அதிகாரம் போகவில்லை, பொதியும் சரியாக அமைந்துவிட்டது. கையேட்டு வரி மாறியது: ரூட்டாக மாறாதே, கட்டளையோடு ஃபேக்ரூட்டைச் சேர்த்துச் சொல்.

பின்னர் கட்டும் கருவியே ஃபேக்ரூட்டைத் தேடி எடுத்துக்கொள்ளப் பழகியது. வரி மறுபடி மாறியது: ஒன்றும் சேர்க்க வேண்டாம். 2017-இல் டெபியனின் அடிப்படைப் பொதிக் கருவியான டிபிகேஜி இன்னும் ஒருபடி போய், உடைமை விவரத்தைச் சுருட்டும் நேரத்தில் தானே ‘ரூட்’ என்று எழுதக் கற்றுக்கொண்டது. இப்போது நாடகமே தேவையில்லை. ‘என் பொதியைக் கட்ட ரூட் அதிகாரம் வேண்டியதில்லை’ என்று பொதியின் விவரங்களைக் கொண்ட ‘கண்ட்ரோல்’ கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும் என்றது கையேடு. அண்மைய டிபிகேஜியில் அந்த வரியும் வேண்டாம். எழுதாமல் விட்டாலும் பொருள் அதுவே.

ஒரே காரியத்துக்கு ஐந்து தலைமுறை அறிவுரை. கடைசித் தலைமுறையில் அறிவுரையே கரைந்துபோய்விட்டது. என் கையேட்டில் இரண்டாவது தலைமுறை வரி இன்னும் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதனால் எதுவும் உடையாது, வேலை நடக்கும். ஆனால் புதிதாக வருகிறவர் அதைப் படித்துவிட்டு ஃபேக்ரூட் என்றால் என்னவென்று ஒரு மாலை முழுக்கத் தேடுவார். இன்றைக்குத் தேவையில்லாத ஒன்றைக் கற்றால்தான் உள்ளே வர முடியும் என்று நினைத்துக்கொள்வார். சிலர் வராமலே போய்விடுவார்கள். அது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

எதைச் செய் என்ற வரியை அழிக்கலாம், ஏன் என்ற வரியை அழிக்கக் கூடாது. ஐந்து தலைமுறையிலும் மாறாதது ஒன்றுதான்: பொதிக்குள் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவர் வீட்டில் 1000-ஆம் ஆளுக்கு அவை போய்விடும். அந்தக் காரணத்தை விட்டுவைத்து மற்றதை எடுத்துவிட்டேன். பதினொரு வரி போய் மூன்று வரி நின்றது.

எல்லாப் பழைய வரியும் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை. டெப்ஹெல்பர் என்ற துணைக்கருவியின் எந்தக் கால நடத்தை நமக்கு வேண்டும் என்பதை முன்பு ‘காம்பேட்’ என்ற தனிக் கோப்பில் ஒற்றை எண்ணாக எழுதி வைப்போம். பிற்பாடு அந்த எண்ணைத் தேவைப்பட்டியலிலேயே குறிப்பது வழக்கமானது. பழைய கையேட்டைப் படித்துக் கோப்பை வைத்து, புதிய கையேட்டைப் படித்துப் பட்டியலிலும் குறித்தால், இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் டெப்ஹெல்பர் வேலையை நிறுத்திவிடும். ஒவ்வொரு கையேடும் அதனதன் காலத்துக்குச் சரி. சேர்த்துப் படித்தவர் மாட்டிக்கொள்கிறார்.

இன்னொரு கோப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ‘சேஞ்ச்லாக்’. எந்தப் பதிப்பில் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று பராமரிப்பாளர் தன் கைப்பட எழுதும் நாட்குறிப்பு. ஒவ்வொரு பதிவின் அடியிலும் கையெழுத்துப் போல ஒரு வரி வரும்: இரண்டு கோடு, பெயர், மின்னஞ்சல், பிறகு சரியாக இரண்டு ஸ்பேஸ், பிறகு தேதியும் நேரமும். இரண்டு என்றால் இரண்டுதான். ஏன் இத்தனை கறார் என்றால், இந்த நாட்குறிப்பை மனிதர் மட்டும் படிப்பதில்லை. பொதியின் பதிப்பு எண்ணைக் கருவி இங்கிருந்துதான் எடுக்கிறது.

அதைவிட அழகான ஒன்றும் நடக்கிறது. ஒரே மூல நிரலை நீங்களும் நானும் தனித்தனியே கட்டினால், ஒரு பிட்கூட மாறாத ஒரே பொதி கிடைக்க வேண்டும் என்று 2013 முதல் ஒரு முயற்சி நடந்துவருகிறது. அப்படிக் கிடைத்தால்தான், கட்டியவர் நடுவில் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று வேறெவரும் சரிபார்க்க முடியும். முதல் தடையாக நின்றது கடிகாரம். பல மென்பொருள்கள் தாம் கட்டப்பட்ட நேரத்தைத் தமக்குள்ளேயே எழுதிக்கொள்ளும். நீங்கள் காலையில் கட்டினால் ஒன்று, நான் மாலையில் கட்டினால் வேறொன்று. இதற்குக் கண்ட தீர்வு, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதே, சேஞ்ச்லாக்கின் கடைசிப் பதிவில் இருக்கும் நேரத்தையே நேரமாக எடுத்துக்கொள் என்பது. மனிதர் எழுதிய நாட்குறிப்பின் ஒரு வரி, கட்டும் கருவிகளுக்குக் கடிகாரமாகிவிட்டது. 2017-இல் வந்த பாலிசியின் 4.1.0 பதிப்பு, பொதிகள் இப்படி மாறாமல் கட்டப்பட வேண்டும் என்பதை எழுத்தில் கொண்டுவந்தது. அதற்கு முன்பே பலர் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலிசியில் பெரும்பாலும் இப்படித்தான்: பழக்கம் முன்னே, எழுத்து பின்னே.

எழுத்து பின்னே வருவதால், எந்தப் பொதி எந்த எழுத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகவே ஒவ்வொரு பொதியின் கண்ட்ரோல் கோப்பிலும் ஒரு வரி, பாலிசியின் பதிப்பு எண்ணைச் சொல்கிறது. பாலிசியின் பின்னிணைப்பில் பதிப்பு வாரியாக என்னென்ன மாறின என்ற பட்டியல் இருக்கிறது. பராமரிப்பாளர் தன் எண்ணிலிருந்து இன்றைய எண் வரை அந்தப் பட்டியலைப் படித்து, தன் பொதியைச் சரிசெய்து, பிறகு எண்ணை உயர்த்துகிறார். ஆவணம் எங்கே மாறியது என்பதற்கே ஓர் ஆவணம். ‘லிண்டியன்’ என்ற சோதனைக் கருவி, எண் பழையதாகிவிட்டால் நினைவுபடுத்தவும் செய்கிறது. தான் எழுதியவை பழசாகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருக்கும் இந்தக் குணத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கையேடுகளுக்கும் அதே குணம் வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்காக 1998 வாக்கில் யோசிப் ரோடின் எழுதத் தொடங்கிய கையேட்டைப் பின்னாளில் ஒசாமு அவோகி ஏற்றுப் பல ஆண்டுகள் காத்துவந்தார். ஒரு கட்டத்தில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அதைச் சரிசெய்வதை விட்டு, வேறொரு கையேட்டைப் புதிதாக எழுதினார். பழையதின் முதல் பக்கத்திலேயே, முதலில் புதியதைப் படியுங்கள் என்று குறிப்பும் வைத்தார். பல மொழிகளுக்குப் போய்ச்சேர்ந்த ஒரு நூலின் முகப்பில் இப்படி எழுதி வைக்க மனம் பக்குவப்பட்டிருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இவ்வகை ஆவணங்களைப் பத்தி பத்தியாகப் பிரித்து மொழிபெயர்க்கிறார்கள். மூலத்தில் ஒரு பத்தி மாறிவிட்டால், ‘பிஓ4ஏ’ என்ற கருவி அதன் மொழிபெயர்ப்பை ஐயத்துக்குரியது என்று குறித்து ஒதுக்குகிறது. புதிதாக மொழிபெயர்க்கும்வரை அந்த இடத்தில் மூல மொழிப் பத்தியே நிற்கிறது. ஐயமான பத்திகள் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் அந்த மொழிப் பதிப்பே வெளிவராமல் போகலாம். புரியாத மொழியில் சரியான பத்தி, புரியும் மொழியில் தவறான பத்தி: இரண்டில் முதலாவதையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தமிழில் தொழில்நுட்பம் எழுதும் நாமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன்காரர்களின் சிறு மாநாடான மினிடெப்கான்ஃப் கூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர்களின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் கொச்சிக்கு வந்தது. இந்தக் கையேடுகளை முதன்முதலாகத் திறக்கும் கண்கள் நம் பக்கத்து ஊர்களிலும் இருக்கின்றன.

பொதி சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, பராமரிப்பாளர்கள் தம் கணினியை நம்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் வேலை செய்த கணினியில் தேவையான எல்லாமே ஏற்கெனவே இருக்கும். தேவைப்பட்டியலில் ஒன்றை எழுத மறந்தாலும் பொதி கட்டப்பட்டுவிடும். அதனால் ‘எஸ்பில்ட்’ போன்ற கருவி, அடிப்படைகள் மட்டும் உள்ள ஒரு வெற்று அறையை உண்டாக்கி, பட்டியலில் எழுதியதை மட்டும் அங்கே இறக்கி, அதற்குள் கட்டிப் பார்க்கிறது. மறந்தது எதுவோ அது அங்கே காட்டிக்கொடுக்கும்.

கையேட்டை எழுதுகிறவர் தலையும் அந்தப் பழைய கணினி மாதிரிதான். எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. விட்டுப்போன படி அவருக்குத் தெரியாது. அதற்கு வெற்று அறை எது? இதுவரை பொதி கட்டாத ஒருவர்.

ஆகவே திருத்திய கையேட்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடமே போனேன். புதிதாக நிறுவிய ஒரு கணினி. அவர் கையேட்டை மட்டும் பார்க்க வேண்டும், நான் வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். அவர் எங்கெல்லாம் நின்றாரோ அங்கெல்லாம் ஒரு கோடு. பேசாமல் இருப்பது கடினமாக இருந்தது. இரண்டு முறை கை விசைப்பலகைப் பக்கம் போனது. ரூல்ஸ் கோப்பு வந்தபோது, வரிகளை நகலெடுக்கச் சொல்லாமல், கோப்பாகவே இறக்கிக்கொள்ளும்படி மாற்றியிருந்தேன். டேப் டேப்பாகவே போய்ச் சேர்ந்தது. ரூட்டைப் பற்றிய மூன்று வரியைப் படித்துவிட்டுத் தலையசைத்து மேலே போனார். நாற்பது நிமிடத்தில் நோட்டில் ஏழு கோடுகள்.

பொதி வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள் என்பது கையேட்டின் கடைசிப் படி. டெப் பொதி என்பது ‘ஏஆர்’ என்ற பழைய யுனிக்ஸ் வடிவிலான மூட்டை. பிரித்தால் மூன்று கோப்புகள். ஒன்றில் பொதியின் விவரங்கள், ஒன்றில் அந்தக் குட்டி உலகம் முழுவதும். மூன்றாவது மிகச் சிறியது, பெயர் ‘டெபியன்-பைனரி’. அவர் அதைத் திறந்தார்.

“அண்ணா, இதுல 2.0-ன்னு மட்டும்தான் இருக்கு. இது எதோட வெர்ஷன்? நம்ம சாஃப்ட்வேர் 1.4 ஆச்சே.”

கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. வாய் திறக்கலாமா என்று கேட்டுவிட்டுச் சொன்னேன்: அது நம் மென்பொருளின் எண் அல்ல, பொதி என்ற வடிவத்தின் எண். 1990-களின் நடுவில் தீர்மானித்தது, இன்றுவரை அதே வடிவம்தான். பொதியைத் திறக்கும் கருவி முதலில் இதைத்தான் படிக்கிறது; தெரிந்த எண்ணாக இருந்தால்தான் மேலே போகும்.

நோட்டை என்னிடமிருந்து வாங்கி, எட்டாவது கோட்டை அவரே போட்டார். அன்று மாலை கையேட்டில் சேர்ந்த அந்தப் பத்தி அவர் எழுதியது.